அமெரிக்கப் பால்புதுமை இளைஞர்கள், எச்.ஐ.வி., வீடின்மை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் எச்.ஐ.வி. ஆய்வுக் குழுவில் களப்பணி பார்க்கிறேன். பால்புதுமையினர் என்று நான் சொல்வது தன்பால், இருபால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான். ஆய்வுக்கு ஏற்ற பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது, விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்குவது, அடுத்த பரிசோதனைக்கு மறுபடி வரவைப்பது, இதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை. மருந்து அளவு கேட்டால் உங்கள் டாக்டரிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். மற்றபடி எதுவும் கேட்கலாம்.

ராஜ்குமார், மதுரை: எச்.ஐ.வி.க்கு நல்ல மாத்திரை வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவ்வளவு பணக்கார நாட்டில் இன்னும் ஆராய என்ன இருக்கிறது மேடம்?

கூட்டு மருந்து சிகிச்சை 1996லிருந்தே நன்றாக வேலை செய்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. 2019ல் வெளிவந்த பார்ட்னர்-2 ஆய்வோடு அதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று. தொற்றே வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரைக்கு 2012லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

இத்தனை இருந்தும் 2022ல் அமெரிக்காவில் சுமார் 31,800 பேருக்குப் புதிதாகத் தொற்றியதாக அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி மதிப்பிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 13 முதல் 24 வயதுக்குள். மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 12 சதவீதம்தான், புதுத் தொற்றுகளில் அவர்கள் பங்கோ 37 சதவீதம். 2016ல் சிடிசி இன்னொரு கணக்கும் சொன்னது. அன்றைய வேகம் அப்படியே நீடித்தால், ஆண்களோடு உறவு கொள்ளும் கறுப்பின ஆண்களில் இரண்டில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி. வரும். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோக்களில் நான்கில் ஒருவருக்கு, வெள்ளையர்களில் பதினொன்றில் ஒருவருக்கு. மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான். இந்த இடைவெளி எங்கே உண்டாகிறது என்பதைத்தான் இப்போது ஆராய்கிறார்கள்.

பெயர் வேண்டாம்: நேரடியாகக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் ஒழுக்கமாக இருந்தால் இந்த நோய் ஏன் வரப்போகிறது?

கேட்டது நல்லதுதான். ஆய்வாளர்களும் ரொம்ப நாள் ஏறக்குறைய இதே எண்ணத்தில்தான் இருந்தார்கள், கொஞ்சம் நாகரிகமான சொற்களில். எச்.ஐ.வி. ஆய்வாளர் கிரெக் மில்லெட்டும் அவர் சகாக்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். 2006, 2007, 2012 என்று கட்டுரைகள் வந்தன. கறுப்பின ஆண்கள் வெள்ளை ஆண்களைவிட அதிக ஆபத்தாக நடந்துகொள்ளவில்லை என்றுதான் அவற்றில் தெரிந்தது. இணைகளின் எண்ணிக்கை, ஆணுறை, போதைப் பழக்கம் என்று எதை எடுத்தாலும் சமமாக இருந்தது, அல்லது குறைவாக இருந்தது.

பிறகு ஏன் தொற்று அதிகம்? ஒரு சமூகத்தில் பத்துப் பேரில் மூன்று பேருக்குத் தொற்று இருக்கிறது, இன்னொன்றில் நூறில் மூன்று பேருக்கு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டிலும் ஒரு இளைஞன் ஒரே மாதிரி நடந்துகொண்டாலும் முதல் சமூகத்துப் பையனுக்கு ஆபத்து பல மடங்கு. பெரும்பாலோர் தங்கள் வட்டத்துக்குள்ளேயேதான் இணையைத் தேடுகிறார்கள். அந்த வட்டத்தில் காப்பீடு இல்லாதவர்கள் அதிகம் என்றால், பரிசோதனை தாமதமாகும், சிகிச்சை தாமதமாகும், வைரஸ் குறையாமலே இருக்கும். அதிலிருந்து அடுத்தவருக்குப் போகும். இதில் ஒழுக்கம் எங்கே வருகிறது, நீங்களே சொல்லுங்கள்.

சுதா, கோவை: அக்கா, வீடில்லாததற்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன தொடர்பு? வீட்டில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிடாதவர்களும் இருக்கிறார்களே.

இருக்கிறார்கள் சுதா. ஆனால் வீடில்லாத பிள்ளையின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காப்பகத்தில் காலையிலேயே பையோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். மாலை வரிசையில் நின்றால்தான் ராத்திரிக்குப் படுக்கை. கிளினிக் நேரமும் அந்த வரிசை நேரமும் மோதும். மாத்திரை டப்பாவைத் தலையணைக்கடியில் வைத்தால் திருடு போகும். யாராவது லேபிளைப் படித்துவிட்டால் அன்றோடு அங்கே இருக்க முடியாது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதத்துக்கு முகவரி வேண்டும். கிளினிக்கிலிருந்து அழைத்தால் எடுக்க போன் இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரு ராத்திரி தங்க இடம் தருகிறேன் என்பவரிடம் உடலைக் கொடுப்பது. அந்த இடத்தில் ஆணுறை போடச் சொல்லும் பேரம் இந்தப் பிள்ளையின் கையில் இல்லை.

வசதி குறைந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக அரசு நாடு தழுவி நடத்தும் ரயன் வைட் திட்டத்தில் சிகிச்சை பெறுபவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது. நிலையான வீடு இல்லாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் சுமார் பத்துப் புள்ளி கீழே விழுகிறது. அந்தத் திட்டத்தில் மருந்துக்கான உதவி இருவருக்குமே உண்டு என்பதைக் கவனியுங்கள்.

முருகேசன், சிங்கப்பூர்: வீடில்லாத இளைஞர்களில் 40 சதவீதம் பால்புதுமையினர் என்று எங்கே பார்த்தாலும் போடுகிறார்கள். உண்மையா?

அந்த 40ஐக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். அது 2012ல் வில்லியம்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற கலிபோர்னியா ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. கேட்கப்பட்டவர்கள் பிள்ளைகள் இல்லை, அவர்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகள். தங்களிடம் வருபவர்களில் எத்தனை சதவீதம் என்று அவர்கள் சொன்ன பதில் அது. சேவை நிலையத்துப் படியேறாத பிள்ளைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பொய் என்று சொல்லவில்லை. எதை அளந்தார்களோ அதற்கு மட்டும் அது பொருந்தும்.

என்னைக் கேட்டால் 2017ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் ஆய்வு மையம் செய்த கணக்கெடுப்புதான் நல்ல அடித்தளம். 18–25 வயதில் பத்தில் ஒருவர் ஒரே வருடத்துக்குள் ஏதோ ஒரு வகை வீடின்மையைச் சந்திக்கிறார். 13–17 வயதில் முப்பதில் ஒருவர். பால்புதுமை இளைஞர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட 120 சதவீதம் அதிகம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கறுப்பின இளைஞர்களுக்கு 83 சதவீதம் அதிகம். இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போது சுமையும் சேர்கிறது.

எண்ணுவதே ஒரு தனிப் பஞ்சாயத்து. வீட்டுவசதித் துறை ஜனவரியில் ஒரு ராத்திரி தெருவிலும் காப்பகத்திலும் இருப்பவர்களை எண்ணுகிறது. நண்பன் வீட்டு சோபாவில் படுத்திருக்கும் பையன் அதில் வரமாட்டான். கல்வித் துறை விதிப்படி அதே பையன் வீடற்றவன். இளைஞர்களில் பெரும்பாலோர் இந்த சோபா வகைதான், அதனால் முதல் கணக்கில் காணாமல் போகிறார்கள்.

டாக்டர் அன்பு, வேலூர்: வீடு கொடுத்தால் நோய் நிலை மேம்படும் என்பதற்கு சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு ஏதாவது உண்டா? அல்லது எல்லாம் தொடர்பு மட்டும்தானா?

உண்டு சார், இரண்டு சொல்கிறேன். சிகாகோவில் மருத்துவமனையில் சேர்ந்திருந்த வீடற்ற எச்.ஐ.வி. நோயாளிகள் 105 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வீடும் தொடர் உதவியும், மறுபாதிக்கு வழக்கமான ஏற்பாடு. ஒரு வருடம் கழித்து உயிரோடும் நோயெதிர்ப்பு கெடாமலும் இருந்தவர்கள் முதல் பிரிவில் 55 சதவீதம், இரண்டாவதில் 34. வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவர்கள் முதல் பிரிவில் 36 சதவீதம், இரண்டாவதில் 19. 2009ல் வெளியானது.

அடுத்தது பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் மூன்றிலும் 630 பேரை வைத்துச் செய்தது, 2010ல் வந்தது. இதில் வாடகை உதவி பெற்ற பிரிவுக்கும் மற்றதற்கும் உடல்நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. காரணம், உதவி பெறாத பிரிவிலும் ஏறக்குறைய பாதிப் பேர் 18 மாதத்துக்குள் தாங்களாகவே வீடு தேடிக்கொண்டார்கள். எந்தப் பிரிவாக இருந்தாலும் உண்மையில் வீடில்லாமல் இருந்தவர்களைப் பிரித்துப் பார்த்தபோது வைரஸ் அளவு மோசமாகவே இருந்தது. இந்த இரண்டாவது அலசலில் குலுக்கலின் பலம் போய்விடுகிறது, வித்தியாசத்துக்கு வீடுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அது உங்களுக்குத் தெரியும்.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. இரண்டும் வயது வந்தவர்களை வைத்துச் செய்தவை. இளைஞர்களிடம் செய்தவற்றில் பெரும்பகுதி ஆலோசனை, குறுஞ்செய்தி நினைவூட்டல், செயலி என்றே போகிறது. போன் அடகில் இருக்கும் பிள்ளைக்குக் குறுஞ்செய்தி போய் என்ன செய்யும்?

கிரேஸ், தூத்துக்குடி: நான் திருநங்கை. எங்களுக்கு வீட்டை விட்டு வந்தால் எங்கள் சொந்தக் குடும்பம் மாதிரி திருநங்கைகளின் ஜமாத் இருக்கிறது, குருவம்மா இருக்கிறார். அங்கே அப்படி ஏதாவது உண்டா அக்கா?

உண்டு கிரேஸ். கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் நியூயார்க்கின் ஹார்லெம் பக்கம் ‘ஹவுஸ்’ என்று குடும்பங்களாகச் சேர்ந்தார்கள். ஹவுஸுக்கு ஒரு அம்மா, அப்பா. போட்டி நடனமும் அலங்காரமும் வெளியே தெரியும், உள்ளே சோறும் படுக்கையும் கண்டிப்பும் நடக்கும். 1970ல் உரிமைப் போராளிகளான மார்ஷா பி. ஜான்சனும் சில்வியா ரிவேராவும் ஸ்டார் என்ற அமைப்பைத் தொடங்கி, தெருவில் இருந்த பிள்ளைகளைத் தங்கவைக்க ஒரு வீடு நடத்தினார்கள். பணம் இல்லாமல் அது நீடிக்கவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையும் பிரெப்பும் இப்போது பல ஊர்களில் இந்த ஹவுஸ் தலைவர்கள் வழியாகத்தான் உள்ளே போகின்றன. அவர்களுக்குக் கூலி கொடுக்காமல் வேலை மட்டும் வாங்கும் திட்டங்கள் உண்டு, அவை எனக்குப் பிடிக்காது.

எண்ணிக்கை கேட்டால் மனசு கனக்கும். 2019–20ல் ஏழு நகரங்களில் சிடிசி 1,608 திருநங்கைகளைப் பேட்டி கண்டது. பரிசோதித்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. கறுப்பினத் திருநங்கைகளில் 62, லத்தீனாக்களில் 35, வெள்ளையர்களில் 17. முந்தைய ஒரு வருடத்தில் வீடில்லாமல் இருந்தவர்களும் 42 சதவீதம்.

லதா, நியூ ஜெர்சி: என் மகனுக்கு 17. தான் பால்புதுமையினன் என்று ஆறு மாதம் முன்னால் எங்களிடம் சொன்னான். அவன் அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் சொல்வதெல்லாம் தெருப் பிள்ளைகளைப் பற்றித்தானே, எங்களுக்கு என்ன?

லதா, தெருவுக்கு வந்த பிள்ளைகள் எல்லாரையும் ஒரே நாளில் யாரும் வெளியே தள்ளவில்லை. வறுமை, வளர்ப்புக் குடும்பங்களில் மாறி மாறி இருந்தது, அடி, பேச்சு நின்றுபோனது, எல்லாம் சேர்ந்துதான் ஒருநாள் கிளம்புகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கெய்ட்லின் ரயன் குழு 2009ல் வெளியிட்ட ஆய்வில் குடும்பம் கடுமையாக ஒதுக்கிய பிள்ளைகள், ஒதுக்கல் இல்லாத அல்லது குறைவாக இருந்தவர்களைவிட 8.4 மடங்கு தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். பாதுகாப்பில்லாத உறவு 3.4 மடங்கு. நமக்குத் தேவையானதும் அதே ஆய்வில் இருக்கிறது: ஒதுக்கல் ஓரளவு குறைவாக இருந்த வீடுகளிலேயே ஆபத்து நன்றாகக் குறைந்திருந்தது. அவன் அப்பா பால்புதுமையினர் ஊர்வலத்துக்கு வர வேண்டியதில்லை. “சாப்பிட்டியா” என்று கேட்க ஆரம்பித்தாலே போதும் இப்போதைக்கு.

இன்னொன்று. அவன் உங்கள் காப்பீட்டில் பரிசோதனை செய்தால் அதன் விவரக் கடிதம் காப்பீட்டுக்காரர் பெயருக்கு, அதாவது அப்பா பெயருக்கு, வீட்டுக்கு வரலாம். அதற்குப் பயந்தே நிறையப் பேர் போவதில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் தகவலை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அல்லது சமூக சுகாதார மையத்தில் கட்டணம் குறைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹரிணி, சட்ட மாணவி, சென்னை: 18 வயது ஆகாதவர்களை ஆய்வில் சேர்க்க பெற்றோர் கையெழுத்து வேண்டாமா?

பொதுவாக வேண்டும். ஆனால் புறக்கணிக்கப்பட்ட, துன்புறுத்தப்பட்ட பிள்ளைகள் போன்ற நிலையில், பெற்றோர் அனுமதி கேட்பதே பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்றால், நெறிமுறைக் குழு அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று கூட்டரசு விதியிலேயே இடம் இருக்கிறது. பிள்ளையைக் காக்க வேறு ஏற்பாடு இருக்க வேண்டும்.

ஏ.டி.என். 113 என்ற ஆய்வு நல்ல உதாரணம். 15–17 வயதுப் பையன்கள் 78 பேர், பெற்றோர் கையெழுத்து இல்லாமல் தாங்களே சம்மதித்துப் பிரெப் எடுத்தார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம் வரச் சொன்னார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சந்திப்பு குறைந்ததும் ரத்தத்தில் மருந்து அளவும் சரிந்தது. மருந்து பாதுகாப்பானது என்று தெரிந்து 2018ல் இந்த வயதினருக்கும் அனுமதி கிடைத்தது. அடிக்கடி வரவைக்கும் ஏற்பாடுதான் பல இடங்களில் வரவில்லை.

பிரபு, சேலம்: ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி வந்துவிட்டதாமே?

ஆமாம், லெனகாபவிர், தொற்று வராமல் தடுக்கும் ஊசி. பர்பஸ்-2 சோதனையில் ஊசி போட்ட 2,179 பேரில் இரண்டு பேருக்குத்தான் தொற்று. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி. டப்பா திருட்டு, லேபிள் பயம் எல்லாம் இதில் இல்லை, அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். விலைப்பட்டியலில் வருடத்துக்கு 28,000 டாலருக்கு மேல். ஏழை நாடுகளுக்கான மலிவு வடிவத்தைச் செய்ய ஹைதராபாத் கம்பெனிகளும் உரிமம் வாங்கியிருக்கின்றன.

ஷகிலா, கொழும்பு: ஆய்வில் பங்கெடுக்கும் வீடற்ற பிள்ளைகளுக்குப் பணம் கொடுப்பது சரியா? பணத்துக்காகவே சம்மதிக்க மாட்டார்களா?

நெறிமுறைக் குழுக்களில் ஓயாத வாதம் இது. தொகை பெரிதானால் ஆபத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள் என்று ஒரு பக்கம். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்த நாடு அது, பயம் நியாயமானது. ஆனால் ஒரு கேள்வித்தாளை நிரப்பி ரத்தம் கொடுக்க அரை நாள் செலவழிக்கும் பிள்ளைக்குப் பேராசிரியரின் காபிச் செலவைக் கொடுப்பதும் சுரண்டல்தான் என்பது என் கட்சி. கொடுப்பதை அன்றே, கையில் கொடுக்க வேண்டும். பஸ் பாஸும் சேர்த்து.

ராஜ்குமார், மதுரை: கடைசியாக ஒன்று. இந்த ஆய்வுகளுக்கு நிதி நிறுத்திவிட்டார்கள் என்று படித்தேன்?

2025ன் தொடக்கத்திலிருந்து, மருத்துவ ஆய்வுகளுக்கு அரசு நிதி தரும் தேசிய சுகாதார நிறுவனங்கள் பால்புதுமையினர், எச்.ஐ.வி. தொடர்பான பல ஆய்வு மானியங்களை நடுவழியில் ரத்து செய்தன. ஜூனில் ஒரு கூட்டரசு நீதிபதி அது சட்டவிரோதம் என்றார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்துகளைத் தொடர அனுமதித்தது. ஐந்து வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டிய ஆய்வை இரண்டாம் வருடத்தில் நிறுத்தினால் அதுவரை எடுத்த தரவும் அரைகுறையாகிவிடுகிறது. களப்பணியாளர்களுக்குத்தான் முதலில் வேலை போகும். அவர்கள் போனால் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்களும் போய்விடுகிறார்கள்.