பஞ்சாலைத் தூசியும் பாதுகாப்பும்: கேள்வி பதில்

நூற்பாலைகளில் பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஆலைத் தொழிலாளர்களும் மேலாளர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தூசி, இயந்திரம், இரைச்சல், தீ ஆகியவை நான் அறிந்த துறைகள்.

கேள்வி (கார்டிங் பிரிவுத் தொழிலாளி, வேடசந்தூர்): ஐயா, லீவு முடிந்து வேலைக்குப் போகும் அன்று மட்டும் மதியத்துக்கு மேல் நெஞ்சு இறுகுகிறது. இரண்டு நாளில் சரியாகிவிடுகிறது. சளி என்று மருந்து கொடுக்கிறார்கள். விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதும், அடுத்தடுத்த நாள்களில் அது தளர்வதும் பிசினோசிஸ் என்னும் பஞ்சுத்தூசி நோயின் தொடக்க அடையாளங்கள். சளி இப்படி நாள் கணக்குப் பார்த்து வருவதில்லை. பஞ்சோடு வரும் இலைத்துணுக்கு, காய்ச்சருகு ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருளே மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்வதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் பஞ்சை உடைத்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும் இழைகளைச் சீவிப் பிரிக்கும் கார்டிங்கிலும் இந்நோய் அதிகமாகவும், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் குறைவாகவும் இருக்கிறது. தொடக்கத்திலேயே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் குணமாகும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் இறுக்கம் வாரத்தின் எல்லா நாளும் வரும். அதன் பிறகு வேலையை விட்டாலும் இழந்த மூச்சு முழுமையாகத் திரும்பாது.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனை. விடுமுறைக்கு அடுத்த நாள், ஷிப்டில் நுழையும் முன் ஒரு முறையும் ஷிப்ட் முடிந்ததும் ஒரு முறையும் ஊதி, முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவை ஒப்பிட வேண்டும். வாரத்தின் நடுவே ஒரே ஒரு முறை ஊதிவிட்டு 'நார்மல்' என்று எழுதித் தரும் அறிக்கையை நம்பி இருந்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை உங்கள் வார விடுமுறை என்றால், சோதனை புதன்கிழமை நடக்க வேண்டும். மருத்துவரிடம் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டுகள் வேலை செய்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். புகையும் பஞ்சுத்தூசியும் சேர்ந்தால் நுரையீரல் இன்னும் விரைவாகக் கெடுகிறது.

கேள்வி (அதே பிரிவு, வேறொருவர்): இதற்கு இஎஸ்ஐயில் பணம் கிடைக்குமா?

இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கான சட்ட அட்டவணையில் இந்நோய் தொழில்சார் நோயாக இடம்பெற்றுள்ளது. வேலையால் வந்தது என்று உறுதியானால், வேலைக் காயத்துக்கு உரிய பலன்களே இதற்கும் உண்டு. நிரந்தர இழப்பின் அளவை மருத்துவக் குழு முடிவு செய்யும். குறிப்பிட்ட காலம் இத்தொழிலில் இருந்ததைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், நீங்கள் பணிபுரிந்த பிரிவைக் காட்டும் தாள் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி (ஆலை மேலாளர், பல்லடம்): எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்திருக்கிறோம். ஒருவரும் அணிவதில்லை. பிறகு நோய் வந்தால் நிர்வாகம் எப்படிப் பொறுப்பாகும்?

முகக்கவசம் கடைசித் தடுப்பு. நீங்கள் அதை முதல் தடுப்பாக வைத்திருக்கிறீர்கள். நூலை முறுக்கும் ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் நூல் அறாமல் இருக்க ஈரப்பதத்தை உயர்த்தி வைக்கிறோம். அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் மூக்கையும் வாயையும் இறுக்க மூடிக்கொண்டு இயந்திர வரிசையைக் கவனிக்கும் சைடர் ஒருவர் நடந்துகொண்டே இருக்க முடியுமா என்று, ஒரு முழு ஷிப்ட் நீங்களே அணிந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முதலில் கார்டிங் இயந்திரத்தின் உறிஞ்சு குழாய் வாயில் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டி நிற்காமல் நழுவி விழுந்தால் அங்கே உறிஞ்சல் இல்லை என்று பொருள். பெரும்பாலும் பில்டர் அடைத்திருக்கும், அல்லது குழாய் இணைப்பில் கிழிசல் இருக்கும். அடுத்து, ஷிப்ட் முடிவில் காற்றுக் குழாயால் இயந்திரத்தை ஊதிச் சுத்தம் செய்கிறார்களா என்று பாருங்கள். அடியில் படிந்திருந்த நுண்தூசி முழுவதையும் ஆளின் முகத்துக்கே எழுப்பும் வேலை அது. சட்டையில் ஒட்டிய பஞ்சையும் அதே குழாயால் ஊதிக்கொள்கிறார்கள். அழுத்தக் காற்று கண்ணையும் செவிப்பறையையும் கிழிக்கும். உறிஞ்சித் துடைக்கும் கருவியை வாங்கிக் கொடுங்கள். அமெரிக்கா 1978இல் நூல் தயாரிக்கும் பிரிவுகளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் பஞ்சுத்தூசி என்று வரம்பு வைத்த பிறகு, அங்குள்ள ஆலைகள் இயந்திரங்களை மூடி உறிஞ்சும் முறைக்கு மாறின. இந்நோயும் வெகுவாகக் குறைந்தது.

கேள்வி (கார்டிங் இயந்திரத்தைக் கவனிக்கும் டெண்டர், ராஜபாளையம்): பஞ்சு அடைத்துக்கொண்டால் சுவிட்சை அணைத்துவிட்டு உடனே கையை விட்டு எடுக்கலாம்தானே?

கூடாது. மின்சாரம் நின்றாலும் கம்பிப் பற்கள் பதித்த சிலிண்டர் உருளை நிற்பதில்லை. அதன் எடையே அதைச் சில நிமிடங்கள் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பிப் பற்களுக்கு விரலும் பஞ்சும் ஒன்றே. பஞ்சை அடித்து உடைக்கும் ப்ளோ ரூம் பீட்டரும் அப்படித்தான். முற்றிலும் நின்றதைக் கண்ணால் பார்த்து, மெயினில் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மூடி திறந்தால் இயந்திரம் ஓடாதபடி வைத்திருக்கும் லிமிட் சுவிட்சைக் கம்பியால் கட்டி ஏமாற்றும் வழக்கத்தைப் பல ஆலைகளில் கண்டிருக்கிறேன். அதைக் கட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

கேள்வி (பல்லடம் மேலாளர், மீண்டும்): நீங்கள் சொல்லும் உறிஞ்சு அமைப்புக்குச் சிறிய ஆலையில் பணம் எங்கே இருக்கிறது? தொழிலாளிக்கும் தன் உடம்பில் அக்கறை வேண்டாமா?

இடையில் எழுதிய ஸ்பின்னிங் மேஸ்திரி: ஐயா, எங்கள் ஆலையில் முகக்கவசம் அணியாதவர்களுக்கு அபராதம் போட்டோம். மறுநாளே எல்லோரும் அணிந்தார்கள். கண்டிப்பு இருந்தால் போதும்.

இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இருவரும் பழியைத் தொழிலாளியின் முகத்தில் கட்டப் பார்க்கிறீர்கள். மேஸ்திரி அவர்களே, நீங்கள் வரும்போது மூக்கிலும் நீங்கள் நகர்ந்ததும் தாடையிலும் இருக்கும் கவசம் யாரையும் காப்பாற்றாது. அபராதத்துக்கு அஞ்சுகிறவர் மூச்சிறுக்கத்தையும் உங்களிடம் சொல்ல மாட்டார். சொன்னால் பிரிவை மாற்றிச் சம்பளத்தைக் குறைப்பீர்கள் என்று அஞ்சுவார். நோய் மறைக்கப்படுவது இப்படித்தான்.

மேலாளர் அவர்களே, கிழிந்த குழாயை ஒட்டுவதற்கும், பில்டரைக் குறித்த நாளில் துடைப்பதற்கும், காற்றுக் குழாயை எடுத்து வைப்பதற்கும் பெரிய முதலீடு வேண்டியதில்லை. தொழிலாளியின் அக்கறை பற்றிக் கேட்டீர்கள். கூலிக்காகத் தூசிக்குள் நிற்பவருக்கு அந்தத் தூசியின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தூசியை அது உண்டாகும் இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சி அகற்றச் சொன்னது. இந்நோயை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலும் சேர்த்திருந்தது. இப்போது சட்டத் தொகுப்புகள் மாறியிருக்கலாம், கடமை மாறவில்லை. உறிஞ்சலைச் சரிசெய்த பிறகும் ஸ்ட்ரிப்பிங் (கம்பிப் பற்களில் சிக்கிய பஞ்சை அகற்றுதல்), பில்டர் துடைத்தல் போன்ற குறுகிய நேர வேலைகளில் தூசி எழும். அந்த நேரத்துக்கு மட்டும் நல்ல கவசம் கொடுங்கள், அணிவார்கள்.

கேள்வி (உடுமலை): எந்த முகக்கவசம் நல்லது?

மேலே சொன்ன குறுகிய வேலைகளுக்கு, முகத்தோடு இறுகிப் படியும் என்95 வகை. துணியும் கர்ச்சீப்பும் நுண்தூசியைத் தடுக்காது.

கேள்வி (தாராபுரம்): துணி முகக்கவசம் போதுமா?

போதாது. முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திருப்பூர்): ஓவர்டைம் கூலி சரியாகத் தருவதில்லை.

தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தையோ அணுகுங்கள்.

கேள்வி (ப்ளோ ரூம் உதவியாளர், சத்தியமங்கலம்): பீட்டர் நின்றதா என்று பார்க்க மூடியைக் கொஞ்சம் மட்டும் தூக்கிப் பார்க்கலாமா?

கொஞ்சம் தூக்கியவர்கள்தான் விரலை இழந்தார்கள். பார்ப்பதற்குக் கண்ணாடிச் சாளரம் கேளுங்கள். அது இல்லையென்றால் இயந்திரம் நிற்க ஆகும் முழு நேரத்தையும் காத்திருங்கள். ராஜபாளையத்துக்காரருக்கு எழுதியது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி (கோன் வைண்டிங், பெண் தொழிலாளி, ஒட்டன்சத்திரம்): கழிவறைக்குப் போனால் மெஷின் நிற்கிறது என்று திட்டுகிறார்கள். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். இது உங்கள் துறையா என்று தெரியவில்லை.

என் துறைதான், அம்மா. வெப்பமான கூடத்தில் வியர்வை வடிய நின்றுகொண்டு தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், சிறுநீரகக் கல் வரும், மயக்கமும் வரும். இயந்திரத்தின் பக்கத்தில் மயங்கி விழுவது விபத்தாகவே முடியும். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் இஎஸ்ஐ மருந்தகத்துக்கு இன்றே செல்லுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் மாற்று ஆள் ஒருவரை நிறுத்துவது நிர்வாகத்தின் வேலை. பாதுகாப்புக் குழுவில் உங்கள் பிரிவிலிருந்து ஒரு பெண் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அவர் மூலம் எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிட வேண்டாம் என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டு எழுதுங்கள்.