11 வருஷப் பழைய பிக்கப்புக்கு 4.25 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் எடுத்து திண்டுக்கல் கடைகளுக்குப் போடுகிறேன். இதுவரை வாடகை வண்டிதான். ஒரு நடைக்கு 1,800 ரூபாய், மாதம் 24 நடை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தன்னுடைய 2014 மாடல் பொலிரோ பிக்கப்பை 4,25,000 ரூபாய் சொல்கிறார். இரண்டாவது ஓனர், மீட்டரில் 92,000 கி.மீ., எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) முடிய இரண்டு மாதம் இருக்கிறது. ஆன்லைனில் இதே வருஷ வண்டிகளுக்கு 3.75 முதல் 4.40 லட்சம் வரை போட்டிருக்கிறார்கள். கையில் 1,25,000 இருக்கிறது. மீதிக்கு ஃபைனான்ஸ் தருகிறார்கள், '10 சதவீத வட்டிதான்' என்கிறார்கள். நானே ஓட்டுவேன். விலை நியாயமா? முறைக்காரர் என்பதால் பேரம் பேசவும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். 3,40,000 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். அதுவும் கீழே சொல்லும் சோதனைகளில் வண்டி தேறினால்தான்.

ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட வண்டி என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் போடும் ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்கு எழுதும் மதிப்பு, ஓரளவு கை கொடுக்கும். வருஷத்துக்கு இவ்வளவு என்று கழித்து, ஐந்தாம் வருஷத்தில் ஷோரூம் விலையில் பாதிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதைத் தாண்டிய வண்டிக்கு அட்டவணை கிடையாது. கம்பெனியும் ஓனரும் பேசி வைப்பதுதான் மதிப்பு. அதனால் 'பாலிசியிலேயே நாலு லட்சம் போட்டிருக்கு பாருங்க' என்று காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. முடிகிற விலை அதற்குக் கீழேதான் இருக்கும். நீங்கள் சொன்ன வரம்பை வைத்து, புதிதாக எஃப்.சி. எடுத்த, நான்கு டயரும் நன்றாக உள்ள 2014 வண்டி 4,00,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை அதிலிருந்து கழிக்க வேண்டும்.

முதலில் எஃப்.சி. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். டிங்கரிங், பெயின்ட், பிரேக், லைட், ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 35,000 ஒதுக்குங்கள். எஃப்.சி.க்கு இரண்டு மாதம் இருக்கும்போது வண்டி விற்பனைக்கு வருவது தற்செயல் இல்லை. அதில் தப்பும் இல்லை, நானாக இருந்தாலும் அப்போதுதான் விற்பேன். ஆனால் அந்தச் செலவு விலையில் தெரிய வேண்டும்.

அடுத்து அந்த 92,000. காய்கறி லோடு அடிக்கிற வண்டி ஒரு நாளைக்கு 60 கி.மீ. ஓடினாலே வருஷத்துக்கு 18,000 ஆகிவிடும். 11 வருஷத்தில் இரண்டு லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும். வண்டி சும்மா நின்றிருந்தால் ஒழிய இந்த மீட்டரை நம்ப முடியாது. கிளட்ச் பெடலைப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து ஓரத்தில் இரும்பு பளபளக்கிறதா? அல்லது பழைய வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதா? இரண்டுமே ஒரே கதையைத்தான் சொல்லும்: மீட்டர் காட்டுவதைவிட வண்டி நிறைய ஓடியிருக்கிறது.

டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நிறைய இருக்கிறது என்று மயங்காதீர்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், லோடில் வெடிக்கும். பின்னால் ரீட்ரேட் டயரா, அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியதா என்றும் பாருங்கள். இரண்டு டயருக்கு 15,000. ஓவர்லோடு அடித்த வண்டியில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து போயிருக்கும். அதற்கும் சில்லறை வேலைக்கும் 12,000.

இன்ஜினை மெக்கானிக் பார்க்கட்டும். ஆனால் விடியற்காலையில், விற்பவர் வண்டியை எடுப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள். பானெட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறதா? 'பேக் கம்ப்ரஷன்' என்பார்களே, அதுதான். அது இருந்தால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

ஆக 35,000, 15,000, 12,000: மொத்தம் 62,000. நாலு லட்சத்தில் கழித்தால் 3,38,000. பேச்சை 3,10,000-இல் தொடங்கி 3,40,000-இல் நிறுத்துங்கள். கூச்சம் என்கிறீர்கள். மெக்கானிக்குக் கூலி கொடுத்து நீங்களே கூட்டிப்போங்கள், அவர் வண்டியைச் சுற்றி வந்து செலவுகளைச் சத்தமாகச் சொல்லட்டும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம். விற்பவருடைய மெக்கானிக்கை மட்டும் ஏற்காதீர்கள்.

ஃபைனான்ஸ் விஷயத்துக்கு வருவோம். அவர்கள் சொல்லும் 10 சதவீதம் ஃபிளாட் வட்டியாகத்தான் இருக்கும். அவர் சொன்ன விலைக்கே வாங்கினால் கடன் மூன்று லட்சம்; அதற்கு மூன்று வருஷம் என்றால் வட்டி 90,000, மாதத் தவணை 10,833. நீங்கள் அசலை மாதா மாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும் முழு மூன்று லட்சத்துக்கும் வட்டி ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது ஏறக்குறைய 18 சதவீதம். முடிந்தால் வீட்டு நகையை வங்கியில் வைத்து, அந்த வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கடனோடு வண்டி கட்டுப்படியாகுமா? போக வர 75 கி.மீ., லிட்டருக்கு 12 என்று வைத்தால் ஒரு நடைக்கு டீசல் சுமார் 575 ரூபாய். வாடகையில் மிச்சம் 1,225. தவணை 10,833, இன்சூரன்ஸ், எஃப்.சி., வரிக்கு மாதம் 3,500 (இந்த எடை சரக்கு வண்டிக்குத் தேர்டு பார்ட்டி (விபத்தில் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) பிரீமியமே வருஷத்துக்கு 16,000-ஐத் தாண்டும், வரி தனி), ரிப்பேருக்கு 6,000. இந்த மூன்றும் வண்டி ஓடினாலும் நின்றாலும் உண்டு, மொத்தம் 20,333. மாதம் 17 நடை ஓடினால்தான் கையைக் கடிக்காது. நீங்கள் 24 ஓட்டுகிறீர்கள், ஒன்பதாயிரம் போல மிஞ்சும். ஆனால் அதில் உங்கள் டிரைவர் கூலி சேரவில்லை. மழைக்காலத்தில் காய் வரத்து குறைந்தால் நடை எத்தனை ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

விற்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. இந்த வயது வண்டியின் விலை மெதுவாகத்தான் இறங்கும், அது வாங்குபவருக்கு நல்லது. ஆனால் 2029-இல் இது 15 வயதைத் தொடும். வயது ஏற எஃப்.சி. கட்டணமும் ஏறுவதால் அப்போது வாங்க ஆள் குறைவு. 2028-க்குள் கைமாற்றிவிடுவது உத்தமம்.

பேப்பர்: பரிவாகன் என்ற அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஹெச்.பி. (வண்டி மேல் உள்ள கடன் பதிவு), வரி பாக்கி, இ-சலான் (போக்குவரத்து அபராதம்) மூன்றையும் பாருங்கள். மணல், ரேஷன் அரிசி கேஸில் எப்போதாவது சிக்கியதா என்று ஸ்டேஷனில் விசாரியுங்கள். பிக்கப்புக்கு இது அவசியம். ஆர்.சி.யில் ஹெச்.பி. இருந்தால், அதை நீக்கும் படிவம் 35-உம் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கைக்கு வரும் வரை அட்வான்ஸ் 5,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியை, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்தான அன்றைக்கு வங்கி வழியாகவே கொடுங்கள். 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்றிவிடுங்கள்.