பி.டி. டீச்சர் பதில்கள்: தரையிலிருந்து எழுந்திருங்கள், பார்க்கலாம்!

என் வயது 61. தினமும் காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். சென்னையில் இருக்கும் மகன், "நடை மட்டும் போதாதுப்பா, ஃபங்ஷனல் ஃபிட்னெஸ் வகுப்பில் சேருங்க" என்று பிடிவாதம் பிடிக்கிறான். மாதம் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். அப்படி என்ன புதுசாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள், சார். இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். கையை எங்கும் ஊன்றாமல், முழங்காலையும் பிடிக்காமல் எழுந்திருங்கள். பக்கத்தில் யாரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள். விழுந்து வைத்தால் உங்கள் மகன் என்னைத்தான் திட்டுவார்.

முடிந்ததா? எனக்கு முடியவில்லை. 58 வயதில், பணி ஓய்வு பெற்ற நாலாவது மாதம், தங்கை மகள் சீமந்தத்தில் தரைப் பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பிட்டு இலையை மடித்தாயிற்று, எழ முடியவில்லை. வலது கையில் ரசம். இடது கையை ஊன்றினால் பட்டுச்சேலை வழுக்குகிறது. கடைசியில் பரிமாற வந்த பையன் ஒருவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். "டீச்சர், நீங்கதானே எங்களைத் தோப்புக்கரணம் போட வச்சீங்க?" என்று வேறு கேட்டான். முப்பத்து மூன்று வருஷம் விசில் ஊதியவள் நான். யோசித்துப் பார்த்தால் அத்தனை வருஷமும் ஓடியது பிள்ளைகள், நான் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் ஒன்று, உங்களைப் போலவே காலை நடையை ஒரு நாளும் விட்டதில்லை.

நான் பந்தியில் தோற்ற இந்தச் சமாச்சாரத்தைப் பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அரௌஜோவின் குழு ஒரு பரீட்சையாகவே வைத்திருக்கிறது. மொத்தம் 10 மார்க். உட்காரும்போதோ எழும்போதோ கை, முழங்கால் என்று எதை ஊன்றினாலும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மார்க் போச்சு. தள்ளாடினால் அரை மார்க். 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரை இப்படி உட்கார வைத்து எழுப்பி, ஆறு வருஷத்துக்கு மேல் கவனித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். மார்க் குறைந்தவர்களில் இறந்தவர்கள் மிக அதிகம். எழ முடியாததால் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. கால் பலம், சமநிலை, மூட்டின் வளைவு, உடல் எடை எல்லாவற்றின் லட்சணமும் அந்த ஒரே அசைவில் வெளியே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். சீமந்தத்தன்று எனக்கு நாலரை தேறியிருந்தால் பெரிசு.

மகன் சொல்லும் வகுப்பில் இதைத்தான் பழக்குவார்கள். மெஷினில் உட்கார்ந்து கையை மட்டும் மடக்கி நீட்டும் ஜிம் வேறு. இங்கே உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது, படி ஏறி இறங்குவது. வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் குப்புறக் கவிழ்ப்பவர் யார்? பரணிலிருந்து அண்டாவை இறக்குபவர் யார்? அந்த வேலைகளைத்தான் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முறையாகச் செய்ய வைக்கிறார்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் முப்பதைத் தாண்டிய பிறகு பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதை நடையால் மட்டும் நிறுத்த முடியாது. 65 வயதைத் தாண்டியவர்கள் நடையோடு வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, முன்கூட்டியே ஆரம்பித்தால் யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

1,500 ரூபாயா? முதல் நாளே உங்கள் பிரஷர், சர்க்கரை, பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் கொடுங்கள். ஒன்றும் கேட்காமல் கையில் இரும்பைத் திணித்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

பெருக்குவது, துடைப்பது, துணி அலசுவது என்று நாள் முழுக்க வேலைதான். இதற்கு மேல் எனக்கு எதற்கு உடற்பயிற்சி? வயது 44.
– ஒரு வாசகி, கரூர்

என் அம்மா தினமும் நாற்பது குடம் தண்ணீர் இறைத்தவர். ஆட்டுக்கல், அம்மி எல்லாம் உண்டு. "அந்தக் காலத்துப் பொம்பளைங்க ஜிம்முக்கா போனாங்க?" என்று கேட்பவர்கள் என் அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பயிற்சி என்றால் ஓய்வு நாள் உண்டு, அளவு உண்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்வது உண்டு. அம்மாவுக்கு ஒரே இடுப்பு, ஒரே பக்கம், விடுமுறையே இல்லை.

வீட்டு வேலையில் இன்னொரு குறை: பாரம் கூடுவதே இல்லை. நேற்றுப் பிழிந்த அதே போர்வைதான் இன்றும். பழகிய பாரத்துக்குத் தசை வளராது. கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால்தான் கொடுக்கும். கேட்டால் எந்த வயதிலும் கொடுக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி, 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாதரோனே என்ற மருத்துவர் செய்த ஆய்வு. முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேர், வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரம் காலில் எடை வைத்துப் பயிற்சி கொடுத்தார். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! தொண்ணூறில் கூடுகிறதென்றால் உங்களுக்கு 44-இல் கூடாதா, அம்மா?

இரண்டு சின்ன வாளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று லிட்டர் தண்ணீர். தோளை இறக்கி, நிமிர்ந்து, கொல்லையிலிருந்து வாசல் வரை நடந்து திரும்புங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை லிட்டர் கூட்டுங்கள். இந்தப் பத்து நிமிஷத்தை உங்கள் தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள், வீட்டு வேலையிலிருந்து எடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்காரர் துணி காயப்போடட்டும். தோளுக்கு நல்ல பயிற்சி.

மூட்டுத் தேய்மானம். "உட்கார்ந்து எழவே கூடாது" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வயது 68.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பக்கத்து வீட்டில் எலும்பு டாக்டர் இருக்கிறாரா? இல்லையென்றால் எலும்பு டாக்டரிடமே கேளுங்கள், பிசியோதெரபிஸ்டிடமும் காட்டுங்கள். தேய்ந்த மூட்டைச் சும்மா வைத்திருந்தால் தொடைத் தசை சூம்பி, பாரமெல்லாம் மூட்டின் மேலேயே இறங்கும். அதனால்தான் மருத்துவர்களே இதற்கு முதல் சிகிச்சையாகப் பயிற்சியைச் சொல்கிறார்கள்.

தரை வேண்டாம், கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்து அதிகம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. முதல் நாள் ஐந்துதான் வந்தாலும் கவலை வேண்டாம். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், வாரம் போகப் போக எடுத்துவிடலாம். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் பிரஷர் ஏறும்.

இரண்டு வாரத்துக்கு முன் கிராஸ்ஃபிட் (பலவிதக் கடும் பயிற்சிகளைக் கலந்து வேகமாகச் செய்வது) மாதிரியான ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். சீனியர்கள் உற்சாகப்படுத்தியதால் நேற்று 'மர்ஃப்' என்ற கடும் பயிற்சியைச் செய்து முடித்தேன். இன்று கை மடங்கவில்லை, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. இது சாதாரணம்தானா? வயது 27.
– ஒரு வாசகர், ஓசூர் (மின்னஞ்சலில்)

இந்தத் தம்பிக்கு நான் பதில் எழுதவில்லை. கேள்வியைப் படித்த அடுத்த நிமிஷமே ஆசிரியர் குழுவிடம் அவருடைய போன் நம்பரை வாங்கி, "உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, கையில் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போ" என்று கத்தினேன். நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள், சிறுநீரகம் தப்பியது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பழக்கமில்லாத உடம்பை ஒரேயடியாக வதைத்தால் தசை நார்கள் சிதைந்து, உள்ளே இருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். பயிற்சிக்கு அடுத்த நாள் சிறுநீர் கறுத்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

மர்ஃப் என்பது 2005-இல் ஆஃப்கானிஸ்தானில் இறந்த மைக்கேல் மர்ஃபி என்ற அமெரிக்கக் கடற்படை வீரரின் நினைவாகச் செய்வது. ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 புஷ்-அப், 300 ஸ்குவாட், திரும்ப ஒரு மைல். ஒரு போர்வீரருடைய உடம்புக்கான கணக்கு அது. இரண்டு வாரக் குழந்தைக்கு அதைக் கொடுத்தவர்களை என்ன சொல்வது! கூட்டம் கைதட்டினால் உடம்பு முனகுவது காதில் விழாது. என் மைதானத்திலும் நடந்திருக்கிறது, விளையாட்டு விழா வெயிலில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்த பிறகுதான் நான் கைதட்டலை நிறுத்தினேன்.

எனக்குக் கூட்டமே பிடிக்காது. வீட்டில் மொபைலைப் பார்த்துத் தனியாகச் செய்தால் ஆகாதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

ஆகும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

நானே சீமந்தத்துக்குப் பிறகு மூன்று தடவை தனியாக ஆரம்பித்து மூன்று தடவையும் விட்டவள். நாலாவது தடவை ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். இப்போது பதினாறு பேர், அதில் ஐந்து ஆண்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், காலை 5.45. முகூர்த்த நாளென்றால் சமையல்காரர் விரட்டிவிடுவார், மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். கருவி என்று பார்த்தால் மணல் நிரப்பிய சாக்குப்பை, வாளி, மூங்கில் கழி, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். அப்புறம் ஒரு வருகைப் பதிவேடு. பழைய புத்தி, விடவில்லை. 5.50-க்குப் பேர் கூப்பிடுவேன். "உள்ளேன் டீச்சர்" என்று 72 வயதுக்காரர் சொல்வார்.

கூட்டம் என்றால் தொல்லையும் உண்டு, மறைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் படம் போடக் கூடாது என்று சொல்லியே இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். டீக்கடைக் கணக்கில் ஒரு சண்டை இன்னும் தீரவில்லை.

போன மார்கழியில் ஒரு நாள் பேர் கூப்பிட்டபோது ஒருவர் பதில் சொல்லவில்லை. 69 வயது, தனியாக இருப்பவர், பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். வராவிட்டால் முதல் நாளே சொல்லிவிடுவார். 6 மணிக்குப் போன் அடித்தோம், எடுக்கவில்லை. 6.20-க்கு நாலு பேர் அவர் வீட்டு வாசலில். கதவு திறந்திருந்தது, உள்ளே கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாலரை மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை தோறும் விழுந்து எழும் பயிற்சி உண்டு. மல்லாந்து கிடந்தால் முதலில் ஒருக்களி, முழங்காலில் நில், அப்புறம் எதையாவது பிடி. எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்வது அது. அவர் ஒரு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழங்காலிலேயே நகர்ந்து வந்து, தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். "பேர் கூப்பிட்டிருப்பீங்கன்னு தெரியும்" என்றார்.

ஆராய்ச்சி வேண்டுமென்றால், கோபன்ஹேகனில் ஆயிரக்கணக்கானவர்களை 25 வருஷம் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. உட்கார்ந்தே இருப்பவர்களைவிட டென்னிஸ் ஆடுபவர்களின் ஆயுள் 9.7 வருஷம் கூடுதல், பாட்மின்டனுக்கு 6.2, ஜிம் பயிற்சிக்கு 1.5. ஆளோடு ஆள் சேர்ந்து ஆடுவதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் ஊகம். டென்னிஸ் ஆடுகிறவரிடம் பணமும் ஓய்வும் இருக்கும், அதையும் நினைத்துக்கொண்டு படியுங்கள்.

கூட்டம் வேண்டாமென்றால் ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள். நீங்கள் வராவிட்டால் போன் அடிக்கிற ஆளாக இருக்கட்டும்.

புரோட்டீன் பவுடர் அவசியமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

டாக்டர் சொன்னால் தவிர வேண்டாம். மூன்று இட்லியோடு ஒரு முட்டை, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், சாப்பாட்டில் சாம்பாருக்கு மேலே தனியாகக் கெட்டிப் பருப்பு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சேலை கட்டிக்கொண்டு செய்யலாமா? சுடிதார் எனக்குப் பழக்கமில்லை, வயதும் 63 ஆகிவிட்டது.
– ஒரு வாசகி, மணப்பாறை

எங்களில் மூன்று பேர் சேலைதான். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் படாமல் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். முந்தானை இடுப்பைச் சுற்றி இறுக்கமாக. பருத்திச் சேலை மட்டும். பட்டு வேண்டாம், எனக்கு அனுபவம் இருக்கிறது.