வால்வு ஆம்ப்பில் சத்தம் திடீரென இறங்குகிறதா?

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டாருக்கு வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழல் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் கருவி) வைத்திருக்கிறோம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் பாதியாக இறங்குகிறது; கம்பிகளை ஓங்கி மீட்டினால் திரும்பிவிடுகிறது. வால்வுகளை மாற்றிவிடலாமா? (வாசகர், களியக்காவிளை)

பதில்: இப்போதே வால்வு வாங்காதீர்கள். ஓங்கி மீட்டினால் திரும்புகிறது என்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். கிட்டார் கேபிளை மாற்றிப் பார்த்தும் தீரவில்லையென்றால், ஆம்ப்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் (எஃபெக்ட் கருவிகளுக்கு சிக்னலை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் இணைப்பு) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சென்ட் (அனுப்பும்), ரிட்டர்ன் (திரும்ப வாங்கும்) ஜாக்குகளைச் சிறிய பேட்ச் கேபிளால் இணைத்து வாசியுங்கள். சத்தம் நிலைத்தால் கோளாறு பெரும்பாலும் ரிட்டர்ன் ஜாக்கில்தான். எதுவும் செருகாதபோது பல ஆம்ப்களில் சிக்னல் அந்த ஜாக்கினுள் இருக்கும் சுவிட்ச் தகடு வழியாகவே போகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் உங்கள் பக்கத்து ஈரத்தில் தகட்டில் களிம்பு படியும். பலமான சிக்னல் அந்தப் படலத்தைத் துளைத்துப் போகும், மெல்லியது தங்கிவிடும்.

ஆம்ப்பை அணைத்து, பேட்ச் கேபிளின் பிளக்கில் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) தெளித்து, ரிட்டர்ன் ஜாக்கில் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். காய்ந்தபின் போடுங்கள். துருநீக்கி எண்ணெய் கூடாது, அதன் பசை தூசியைப் பிடிக்கும்.

அப்படியும் தீராவிட்டால், ஒலி வரும்போதே சிறிய 12ஏஎக்ஸ்7 வால்வுகளைப் பென்சிலால் மெதுவாகத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது ஒலி விட்டுவிட்டு வருகிறதோ, அதன் இடத்தில் நல்ல வால்வைப் போட்டுப் பாருங்கள். பிறகும் அப்படியே என்றால் சாக்கெட் பின்னோ சால்டரோ தளர்ந்திருக்கலாம். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்; மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டர்களில் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகங்கள்) 400 வோல்ட்டுக்கு மேலும் தங்கியிருக்கலாம். தயவுசெய்து அதை டெக்னீஷியனிடம் விடுங்கள். எந்தச் சோதனையிலும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.