பாத்திரம் கழுவியதற்கு விருதா என்று கேட்ட கருங்கல் தம்பிக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். ஒஹாயோவில் ஒரு சிறிய ஊருக்கு வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பங்குக் கோயிலில் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்கச் சங்கத்தார் நடத்தும் மீன் விருந்துக்குப் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுத்தீர்கள். இப்போது மே மாத ஆண்டு விருந்தில் உங்களுக்கு ‘ஆண்டின் தன்னார்வலர்’ பட்டயம் தரப்போவதாகச் சொல்கிறார்கள். எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று எழுதியும் கேட்கிறார்கள். பாத்திரம் கழுவியதற்கு விருதா என்று உங்களுக்குக் கூச்சம். இது ஏதோ ரகசியச் சங்கம், வேதம் கெட்டுவிடும் என்று குமரி மாவட்டத்துக் கருங்கலில் இருக்கும் அம்மாவுக்குப் பயம். மறுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மறுக்காதீர்கள், தம்பி. நம் ஊரில் ‘எனக்கெதற்கு இதெல்லாம்’ என்று இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. நாங்கள் இருக்கும் பென்சில்வேனியாவிலும் உங்கள் ஒஹாயோவிலும் முதல் மறுப்பையே முடிவாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பெயரை யாரோ ஒருவர் கூட்டத்தில் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்திருப்பார். நீங்கள் வேண்டாமென்றால் அவர்களுக்குத்தான் முகம் வாடும்.

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. கத்தோலிக்கர் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தில் சேரக்கூடாது என்று 1738-இல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட் விதித்த தடை இன்றும் நிற்கிறது. 2023 நவம்பரில் வத்திக்கான் அதை மறுபடி உறுதி செய்தது. ஆனால் உங்களுக்குப் பட்டயம் தரும் சங்கம் அது இல்லை, அதற்கு மாற்றாக எழுந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேலைக்குப் போன மனிதன் செத்துப்போனால் அவன் மனைவி மக்களுக்கு நாதியில்லை. உதவித்தொகை தரும் சகோதரச் சங்கங்கள் இருந்தன. அவற்றில் பலவற்றில் கத்தோலிக்கர் சேர முடியாது, அல்லது சேரக்கூடாது. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் புனித மரியாள் கோயிலின் உதவிப் பங்குத்தந்தை மைக்கேல் மெக்கிவ்னி, 1882-இல் தன் பங்கு ஆண்களைக் கூட்டி இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். விதவைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் காப்பதுதான் முதல் வேலை. சாவு வீட்டுக்கு உதவ நம் ஊர்களில் வைத்திருக்கும் மரண சகாய நிதியை நினைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும் அப்படியே சொல்லுங்கள். மெக்கிவ்னி 38 வயதில் இறந்துபோனார். 2020 அக்டோபர் 31 அன்று அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது. 2012-இல் நாகர்கோவிலில் நம் தேவசகாயத்துக்குத் தந்தார்களே, அதே பட்டம். இதைச் சொன்னால் அம்மா அடங்கிவிடுவார்கள். உறுப்பினர் சேர்ப்புச் சடங்கு முன்பு மூடிய கதவுக்குள் நடந்தது உண்மை. 2020 முதல் குடும்பத்தார் உட்கார்ந்து பார்க்கும்படி நடத்துகிறார்கள்.

இனி மணிக்கணக்கு. ‘செய்த தர்மத்துக்குக் கணக்கு எழுதுவதா’ என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அது போய்விடும். ஒவ்வொரு கிளையும், அதை அவர்கள் கவுன்சில் என்பார்கள், வருடம் முழுவதும் எங்கே எத்தனை மணி நேரம் உழைப்புப் போனது, எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று 1728 என்ற எண்ணுள்ள படிவத்தில் நிரப்பி, ஜனவரி 31-க்குள் நியூ ஹேவன் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். சகோதரச் சங்கம் என்ற முறையில் வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(8) பிரிவில் வரிவிலக்கு பெற்ற அமைப்பு அது. நாங்கள் வெறும் சீட்டு விளையாடிக் கலையும் கூட்டமில்லை என்று காட்ட அந்த எண்கள் வேண்டும். ஆகவே வந்த நேரம், போன நேரம் இரண்டையும் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். கூட்டியும் எழுத வேண்டாம், அடக்கத்தால் குறைத்தும் எழுத வேண்டாம். குறைத்து எழுதினால் சங்கத்தின் கணக்குத்தான் குறையும்.

விடுமுறைக்குத் தக்கலை வந்திருக்கிறேன். போன ஞாயிறு எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டு விழா. நம் மாவட்டத்தில் வாசகசாலை இல்லாத ஊர் அபூர்வம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை. ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்த சிறப்பு விருந்தினருக்கு இரண்டு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு. பிள்ளைகளின் கோலப்போட்டிப் பரிசை அவசரமாகக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். மைக் செட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், பல வருடங்களாக ஒரு ரூபாய் வாங்காமல் விழாவுக்கு வயர் இழுத்துக் கொடுப்பவர். அன்று இரவும் எல்லோரும் புரோட்டா சாப்பிடப் போன பிறகு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தென்னை மரத்திலிருந்து குழல்விளக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நன்றியுரையில் அவர் பெயர் ‘ஒலி ஒளி அமைத்தவர்கள்’ என்பதற்குள் அடங்கிவிட்டது. செயலாளரிடம் கேட்டேன். “அவன் நம்ம பையனல்லவா, அவனுக்கெதற்கு?” என்றார். பாசமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கோபம்.

உங்கள் ஒஹாயோக்காரர்கள் பாத்திரம் கழுவியவரைக் கண்டுபிடித்து மேடையேற்றுகிறார்கள் என்றால், அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ரோட்டரி, லயன்ஸ் விழாச் செய்திகளில் ‘பால் ஹாரிஸ் ஃபெல்லோ’, ‘மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோ’ என்று வாசித்திருப்பீர்கள். அவை அந்தச் சங்கங்களின் அறக்கட்டளைகளுக்கு 1,000 டாலர் கொடுத்தவருக்கோ, யார் பெயரில் கொடுக்கப்பட்டதோ அவருக்கோ தரும் மரியாதை. தப்பில்லை, அந்தப் பணத்தில் போலியோ சொட்டு மருந்தும் கண் சிகிச்சையும் நடந்திருக்கின்றன. ஆனால் உங்களுடையது வேறு வகை. அதற்கு விலை, கொழுப்புப் பிடித்த தட்டைச் சுரண்டிய கை. காசு கொடுத்தும் வாங்க முடியாது.

அவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கவுன்சில் கூட்டங்களில் தலையெல்லாம் நரைத்திருக்கும். மாதந்தோறும் ‘மாதத்தின் நைட்’ (நைட் என்றால் உறுப்பினர்), ‘மாதத்தின் குடும்பம்’ என்று அறிவித்துக்கொண்டே போவார்கள், ஆள் குறைவாக உள்ள இடத்தில் அதே நான்கு பேர் சுற்றிச் சுற்றி வருவார்கள். இது ஆண்கள் சங்கம் என்பதையும் மறக்க வேண்டாம். எங்கள் பங்கில் மீனை மாவில் புரட்டி எண்ணெயில் போட்டவள் நான், பட்டயம் வாங்கியவர் என் வீட்டுக்காரர். பிறகொரு முறை ‘மாதத்தின் குடும்பம்’ என்று கொடுத்தபோது எனக்கும் அதில் பாதி வந்தது. (மிளகாய்த்தூள் இல்லாமல் காட் மீனைப் பொரித்துத் தின்பவர்களை மரச்சீனியும் சாளைக் கறியும் தின்று வளர்ந்த நாம் மன்னிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது வேறு கதை.)

உங்கள் ஊரில் எல்க்ஸ் லாட்ஜும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது 1868-இல் நியூயார்க்கில் நாடகக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை மூடும் சட்டத்துக்குத் தப்பிக் கூடிக் குடிப்பதற்காக இருந்த கூட்டம், தங்களில் ஒருவர் இறந்து அவர் குடும்பம் தெருவுக்கு வந்தபோது தர்மச் சங்கமாக மாறியது. 1973 வரை வெள்ளையர் மட்டும், 1995 வரை ஆண்கள் மட்டும். இன்றும் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் உறுப்பினராக முடியாது. ஆனாலும் இரவு 11 மணிக்கு எழுந்து நின்று, வராமல் போன சகோதரர்களுக்காகக் கோப்பை உயர்த்துவார்கள். டிசம்பர் முதல் ஞாயிறு இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். விருந்தாளியாகக் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள். உங்களைச் சேர்க்கவில்லை என்று மனம் நோக வேண்டாம், விதியே அப்படி.

விசா விஷயத்தில் கவனமாக இருங்கள். சம்பளமில்லாத, வழக்கமாகவே தன்னார்வலர்கள் செய்யும் தொண்டுக்கு வேலை விசா தடையில்லை. மரப்பலகைப் பட்டயமும் விருந்தும் வாங்கிக்கொள்ளலாம். பட்டயத்தோடு உறையில் பணமோ பரிசு அட்டையோ வந்தால், அதை அப்படியே குளிர்காலக் கோட்டு நிதிக்குத் தருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் கோட்டு வாங்கித் தரும் திட்டம் பல கவுன்சில்களில் உண்டு. உறுப்பினராகச் சேர்ந்தால் சேர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த விசாவுக்கான டிஎஸ்-160 விண்ணப்பத்தில், எந்தத் தொண்டு, சமூக அமைப்புகளில் இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி வரும்.

பெயரை மட்டும் அவர்கள் பொறுப்பில் விடாதீர்கள், மக்களே. நம் பாஸ்போர்ட்டில் முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்ற குழப்பம் தெரிந்ததே. என் வீட்டுக்காரரின் பித்தளைத் தகட்டில் அவருடைய அப்பாவின் பெயர்தான் பொறித்து வந்தது. மாமா அதைத் தக்கலை வீட்டு முன்னறையில் மாட்டி, ‘அமெரிக்காவில் எனக்குக் கொடுத்தது’ என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். நீங்கள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, எழுத்துக்கூட்டி, கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்று காலர் சட்டை, மேலே ஒரு கோட்டு போதும். வேட்டி கட்டினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், படம் எடுக்கத்தான் வரிசை கட்டுவார்கள். தொடக்கத்தில் ஜெபமும் அமெரிக்கக் கொடிக்கான உறுதிமொழியும் இருக்கும். உறுதிமொழியை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, மரியாதையாக எழுந்து நின்றால் போதும். பேசச் சொன்னால் இரண்டு நிமிடம். ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று தொடங்கினால் விளிப்பிலேயே இரண்டு நிமிடமும் முடிந்துவிடும். சமையலறையில் உங்களோடு நின்றவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லுங்கள். தட்டைத் துடைத்து அடுக்கிய பெரியவரை விட்டுவிடாதீர்கள். கருங்கலிலிருந்து வந்தவன் என்று ஊர் பெயரையும் சொல்லுங்கள்.

விருது கொடுத்த கையோடு அடுத்த வருடத்துக்கு ஒரு பொறுப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது அந்தச் சங்கங்களின் பழைய வித்தை. பிடித்திருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாத்திரம் கழுவவே வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் அங்கே ஆள் தேவைதான்.

விருந்துக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று அழைப்பிதழில் ஒரு தேதிக்குள் பதில் கேட்டிருப்பார்கள். அந்தத் தேதியை விட்டுவிட்டு வாசலில் போய் நின்றால் நாற்காலி இருக்காது. இன்றே பதில் போடுங்கள்.