மணி அடித்ததும் ஓடுவது ஏன்? ஆட்டிசம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஆட்டிசம் என்று டாக்டர் உறுதிசெய்துவிட்டார். பள்ளி மணி அடித்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு வகுப்பை விட்டே ஓடிவிடுகிறான். ஹெட்போன் மாட்டி அனுப்பினால், 'சத்தத்துக்குப் பழகினால்தான் சரியாவான், கழற்றிவிடுங்கள்' என்கிறார் டீச்சர். என்ன செய்வது?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: டீச்சர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். முதலில், அவன் ஓடுவது அடம் அல்ல. பழகுவது, பேசுவது, சுற்றியுள்ளதை உணர்வது ஆகியவற்றில் மூளை வேறு விதமாக வளர்வதுதான் ஆட்டிசம். ஒலி, ஒளி, தொடுகை, வாடை இவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோய்க்கணிப்புக் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் நம் மூளை அதை ஓரங்கட்டிவிடும். பக்கத்து வீட்டு மிக்ஸி பத்தாம் நாள் நம் காதில் விழுவதே இல்லை. இப்படி ஓரங்கட்டும் வேகம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் குறைவு என்று மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே 'தினமும் கேட்டால் பழகிவிடும்' என்ற கணக்கு அவனிடம் செல்லுபடியாகாது.

இரண்டு வாரம் ஒரு நோட்டு வையுங்கள். நேரம், இடம், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் நடந்தது, அவன் அமைதியாக எடுத்துக்கொண்ட நேரம் என்று நாலு பத்தி போதும். 'அடம் பிடித்தான்' என்று எழுதாதீர்கள். 'காதைப் பொத்தினான், கதவுப் பக்கம் ஓடினான், 12 நிமிடம் கழித்து வந்தான்' என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். டீச்சரையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று தெரியவரும். மணியின் சத்தத்தைவிட, அது எப்போது அடிக்கும் என்று தெரியாமல் இருப்பதே அவனை வாட்டும். அல்லது சாப்பாட்டு நேரத்து இரைச்சலிலேயே நிரம்பிப்போனவனுக்கு அதற்கடுத்த மணி கடைசிச் சொட்டாகிவிடும்.

முதல் வகை என்றால் மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு டீச்சர் ஒரு படஅட்டையை அவன் மேசைமேல் வைத்தால் போதும். அட்டையில் மணி, பக்கத்தில் கடிகாரம், பேச்சு தேவையில்லை. மணி வகுப்பு வாசலுக்கு மேலேயே இருந்தால் அவன் இடத்தை எதிர்ச்சுவர் ஓரம் மாற்றுங்கள். இரண்டாம் வகை என்றால் சாப்பாட்டைக் கூட்டம் வருவதற்கு முன்போ தனி மூலையிலோ முடிக்க விடலாம். பழைய சோக் வைத்த டியூப்லைட் மினுக்குகிறதா, தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கிறதா என்றும் பாருங்கள். பெரியவர்கள் கவனிக்காத இவை அவனை நாள் முழுக்க அரித்துக்கொண்டிருக்கக்கூடும்.

இப்போது ஹெட்போன். டீச்சரின் கால்வாசி உண்மை இங்கேதான். நாள் முழுக்கக் காதை மூடிவைத்தால் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அமைப்பு தன் 'வால்யூமை'த் தானே கூட்டிக்கொள்ளும். கழற்றும்போது சாதாரணச் சத்தமும் அதிகமாகத் தைக்கும். அதனால் மணி, அசெம்பிளி, சாப்பாட்டுக் கூடம் ஆகிய மூன்றுக்கு மட்டும் மாட்டட்டும், மற்ற நேரம் பையில் இருக்கட்டும். பாட்டுக் கேட்கும் ஹெட்போனைவிட, தொழிற்சாலையில் போடுகிற காதுமூடி மேல். ஒயர் இல்லை, விலையும் குறைவு.

கடைசியாக, வெளியேறும் அட்டை. அதைக் காட்டினால் நூலக மூலைக்குப் போகலாம், ஐந்து நிமிட மணற்கடிகாரம் தீர்ந்ததும் திரும்பலாம். இது கெட்டுப்போவது இரண்டு விதத்தில். மூன்று முறை விட்டுவிட்டு நாலாவது முறை 'இப்போ வேண்டாம், உட்காரு' என்றால், அட்டை வேலைசெய்யாது என்று கற்றுக்கொண்டு பழையபடி ஓடுவான். சேட்டை செய்த பிள்ளைகளை நிற்கவைக்கும் மூலையும் அதுவே என்றால், அங்கே போகவே மாட்டான்.

பள்ளியோடு வாக்குவாதம் வேண்டாம். ஒரு பக்கக் கடிதம், அதில் மூன்றே கோரிக்கை: மணிக்கு முன் படஅட்டை, மூன்று நேரத்துக்குக் காதுமூடி, வெளியேறும் அட்டை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-ன்படி அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், தேவைக்கேற்ற வசதியும் செய்துதர வேண்டும். பதில் வராவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருப்பதும் மனுவில் இருக்கட்டும்.

கேள்வி: மூன்றரை வயது மகளுக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் கிராமத்திலிருந்து தெரபிக்கு டவுனுக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா?
– புதுக்கோட்டை மாவட்ட வாசகி

பதில்: முடியும். அதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரியில் 'பெரா' என்னும் செவித்திறன் சோதனையை முடித்துவிடுங்கள். காது கேளாமையை ஆட்டிசம் என்று நினைத்து இரண்டு வருடம் போக்கியவர்கள் உண்டு.

உங்கள் நிலையை நேராகத் தொடுகிற ஆய்வு ஒன்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. முடிவு 2016-ல் வந்தது. மொத்தம் 65 பிள்ளைகள். பயிற்சி கொடுத்தவர்கள் தெரபிஸ்டுகள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 அமர்வு. பிள்ளையை உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. அம்மா அப்பா விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். சாரம் அவ்வளவுதான்.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டுப் பாயில் உட்காருங்கள். சர்க்கரை டப்பாவில் சாய்த்துப் போனை வையுங்கள். உங்கள் முகம், அவள் முகம், கை மூன்றும் தெரிய வேண்டும். இரண்டு டம்ளர், ஒரு மூடி, வளையல், பந்து போதும். பத்து நிமிடம். ராத்திரி அவள் தூங்கிய பிறகு போட்டுப் பாருங்கள். அவள் உங்களைப் பார்த்தது, கையைப் பிடித்து இழுத்தது, ஏதோ முனகியது என ஒவ்வொன்றையும் எண்ணுங்கள். அதில் எத்தனைக்கு நீங்கள் பதில் கொடுத்தீர்கள், எத்தனையைத் தாண்டிப் போனீர்கள்?

முதல் வீடியோவில் பெரும்பாலும் தெரிவது, 'இது என்ன? என்ன கலர்? சொல்லு, பந்து சொல்லு' என்று அம்மா அடுக்கிக்கொண்டே போவதும் பிள்ளை முதுகைத் திருப்புவதும்தான். கேள்வியை நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவள் மூடியைச் சுழற்றினால் நீங்களும் ஒரு மூடியை எடுத்துச் சுழற்றுங்கள். அவள் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டும் ஒரு சொல் கொடுங்கள்: 'சுத்துது'. விழுந்தால் 'விழுந்துருச்சு'. அவ்வளவே. தினம் அரை மணி நேரம். கால் கால் மணியாகவும் பிரித்துக்கொள்ளலாம்.

பொருளை ஒளித்துவைத்து 'கேட்டால்தான் தருவேன்' என்பது வேண்டாம். அதில் விளையாட்டு போய்ப் பரீட்சை வந்துவிடும். அந்த ஆய்வில் பெற்றோர் பிள்ளையின் போக்கோடு ஒத்துப்போவது நன்றாகக் கூடியது, பிள்ளைகள் தாமாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. ஆனால் இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரம் குறைந்தது. ஆறு மாதத்தில் பேச்சு வந்துவிடும் என்ற உறுதியையும் அது தரவில்லை. எனவே படஅட்டையோ சைகையோ சேர்த்தே தொடங்குங்கள். படம் காட்டினால் பேச்சு நின்றுபோகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

கேள்வி: ஸ்டெம்செல் சிகிச்சையில் நல்ல மாற்றம் என்று ஒரு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். கடன் வாங்கலாமா?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆய்வாக நடத்தினால் பங்கேற்பவரிடம் காசு வாங்கவே கூடாது. பில் நீட்டினால் அது ஆய்வு அல்ல.

மாற்றம் தெரிந்தது என்கிறவர்கள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1998-ல் அமெரிக்காவில் செக்ரெட்டின் என்ற ஹார்மோனைப் பற்றி இதே பேச்சு எழுந்தது. மூன்று பிள்ளைகளுக்குப் பேச்சும், பிறர் கண்ணைப் பார்ப்பதும் தேறியதாக ஒரு கட்டுரை வர, ஊரே அதன் பின்னால் ஓடியது. அடுத்த ஆண்டு 60 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் செக்ரெட்டின் ஊசி, பாதிப் பேருக்கு உப்புநீர் ஊசி, யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு குழுவிலும் முன்னேற்றம், ஏறத்தாழ ஒரே அளவு. பிள்ளைகள் எப்படியும் வளர்கிறார்கள். எதிர்பார்ப்போடு பார்க்கும் கண்ணுக்கு அது ஊசியின் பலனாகத் தெரிகிறது. இன்னும் வேடிக்கை, முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த மருந்தில் ஆர்வமாகவே இருந்தார்கள்.

அந்தப் பணத்தில் தூக்கம், மலச்சிக்கல், பல்வலி, வலிப்பு ஆகிய நான்கையும் ஒரு நல்ல குழந்தை மருத்துவரிடம் பாருங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை இடித்துக்கொள்வதற்குப் பின்னால் பல நேரம் இவற்றில் ஒன்று இருக்கும்.

கேள்வி: எனக்கு 26 வயது, ஐ.டி. வேலை. போன வருடம்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. ஆபீஸில் எல்லோரையும்போலச் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் விளக்கைக்கூடப் போட முடியாமல் படுத்துவிடுகிறேன். 'உனக்கா ஆட்டிசம்? நல்லாத்தானே பேசுறே' என்கிறார்கள்.
– வாசகி, சென்னை

பதில்: நீங்கள் சொல்வதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் மாஸ்கிங், முகமூடி போடுவது. கண்ணைப் பார்க்க வேண்டும், இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டே பேசுவது. அதை அளக்க 2019-ல் 25 கேள்விகள் கொண்ட படிவமே வந்தது. பெண்கள் இதில் கைதேர்ந்துவிடுவது, அவர்களுக்குத் தாமதமாகத் தெரியவருவதற்கு ஒரு காரணம். முகமூடி கூடக்கூட மனச்சோர்வும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் களைப்பைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழையுங்கள்.

பழகத் தெரியாதது உங்கள் குறை மட்டும்தானா என்ற கேள்வியையும் ஆய்வுலகம் கேட்டிருக்கிறது. தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன், புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார். எடின்பரோவில் 2020-ல் 72 பேரை எட்டு எட்டுப் பேராக நிறுத்தி, ஒருவர் சொன்ன கதையை அடுத்தவரிடம் சொல்லவைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் நின்ற வரிசை, மற்றவர்கள் வரிசைக்கு இணையாகவே கதையைக் கடத்தியது. கலந்து நின்ற வரிசையில்தான் விவரம் அதிகம் சிந்தியது. 2025-ல் 311 பேரை வைத்து இன்னும் பெரிதாகச் செய்தபோது கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. ஆக, கலந்தால் கெடும் என்ற பகுதி ஆட்டம் கண்டிருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் விவரம் கடத்துவதில் குறைந்தவர்கள் அல்லர் என்பது இரண்டு முறையும் நின்றிருக்கிறது.

வேலையிடத்தில் 'எனக்கு ஆட்டிசம்' என்று எல்லோரிடமும் அறிவிக்கத் தேவையில்லை. தேவையை மட்டும் ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: மீட்டிங்குக்கு முதல் நாளே விவாதப் பட்டியல், வாய்மொழியாகச் சொன்ன வேலை எழுத்திலும் வர வேண்டும், முதுகுக்குப் பின்னால் நடமாட்டம் இல்லாத இருக்கை, வாரத்தில் இன்ன நாட்கள் வீட்டிலிருந்து வேலை. 'கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் எதுவும் நடக்காது. 20 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் தனியார் நிறுவனத்தில் இதற்கென ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பது 2017 விதி. அவர் யார் என்று கேட்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: 'மதி இறுக்கம்' என்பதா, 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்' என்பதா, எது சரி?
– ஆசிரியர், ஈரோடு

பதில்: இரண்டும் வேண்டாம். அரசுக் கோப்பில் வரும் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்பது இன்னும் மோசம். வெளியுலகம் அளவுக்கு மேல் உள்ளே வந்து விழுவதுதானே பலருக்குச் சிக்கல்! பிரிட்டனில் 2016-ல் வெளியான ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் ஆங்கிலத்தில் 'ஆட்டிஸ்டிக்' என்று அதைத் தங்கள் அடையாளமாகச் சேர்த்துச் சொல்வதையே விரும்பினார்கள். நிபுணர்கள்தான் 'பெர்சன் வித் ஆட்டிசம்' என்று 'நபர்' என்பதை முன்னால் வைத்தார்கள். தமிழில் 'ஆட்டிசம் உள்ளவர்' என்றால் சண்டை இல்லை. அவரையே கேட்க முடிந்தால் அதைவிட நல்லது.

கேள்வி: மகனுக்கு 17 முடிகிறது. சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை. 18 ஆனதும் கார்டியன் கட்டாயமா?
– பெற்றோர், மதுரை

பதில்: மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு ஆட்டிசத்தை அளப்பது ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5; கூட்டுத்தொகை 70 வந்தால் 40 சதவீதம், சலுகைகளுக்கான வாசல் அதுதான். பையன் புது இடத்தில் அரை மணி அமைதியாக இருந்துவிடுவான், நாமும் பெருமைக்கு 'எல்லாம் தானே செய்வான்' என்போம். மதிப்பெண் 70-க்குக் கீழே இறங்கிவிடும். குளிக்க, உடுத்த, கடைக்குப் போக எவ்வளவு உதவி தேவை என்று எழுதி எடுத்துப்போங்கள். சிரமமான ஒரு நாளின் வீடியோவும் பள்ளிக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

கார்டியன் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. தேவைப்பட்டால் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவு, குறிப்பிட்ட விஷயத்தில் மட்டும் அவனோடு சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுத்த கார்டியனையும் அனுமதிக்கிறது. எது வேண்டும் என்பதை அவன் இப்போது எதைத் தானே தீர்மானிக்கிறான் என்று பார்த்து முடிவுசெய்யுங்கள். ஒரு மாதம் செலவுக் காசை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு 18 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் அடங்கும், முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. முதலில் நீங்கள் செலவுசெய்து பிறகு கேட்டு வாங்கும் முறை என்பதால், பில்லில் தேதியும் தெரபிஸ்டின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.