ஆறு மணி நேரம் தனியாக ஓட்ட வேண்டும்: முதல் மலை சைக்கிள் போட்டிக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: மதுரை திருப்பாலையில் இருக்கிறேன். வயது 36, எடை 70 கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் வரை சைக்கிளில் போய் வருவேன், எப்போதாவது நத்தம் பக்கம். ஏதோ ஒரு உற்சாகத்தில் ஆறு மணி நேர மலை சைக்கிள் போட்டியில் தனிநபர் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டேன். எட்டு கிலோமீட்டர் மண்பாதை, காலை ஏழு மணிக்குத் தொடக்கம். ஆறு மணி நேரத்தில் எத்தனை சுற்று முடிக்கிறோமோ அதுதான் கணக்கு. இன்னும் பத்து வாரம் இருக்கிறது. இதுவரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டியதில்லை. முடியுமா? என்ன பயிற்சி, என்ன சாப்பாடு?

பதில்: முடியும். மூன்று மணி நேரம் ஓட்டிப் பழகியவருக்குப் பத்து வாரம் போதும். ஆனால் பயிற்சியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முதல் போட்டியில் பாதியில் இறங்குகிறவர்கள் கால் ஓய்ந்து இறங்குவதைவிட, வயிறு புரட்டி, தலை சுற்றி இறங்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது நாலாவது மணி நேரத்தில் தெரியவரும். அதற்கான காரணம் முதல் மணி நேரத்தில் இருக்கும்.

உடம்பில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம்தான். மூச்சு வாங்க ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நிதானமாக ஓட்டினால் கொழுப்பும் கூடவே எரிவதால் அந்தச் சேமிப்பு நீடிக்கும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. கடுமையாக மிதிக்கும்போது ரத்தம் தசைக்குப் போகிறது. வெயில் ஏறினால் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் போகிறது. குடலுக்கு மிஞ்சுவது குறைவு. அந்த நேரத்தில் சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே நிற்கும், அப்புறம் வாந்தி வரும். அதனால் வேகம், சாப்பாடு, வெயில் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். மூன்றும் ஒரே கணக்கு.

முதல் மணி நேரத்தில் உங்களால் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இதயத் துடிப்பு காட்டும் கடிகாரம் இருந்தால், உங்கள் உச்சத் துடிப்பில் 75 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும். தொடக்கத்தில் கூட்டத்தின் நடுவிலோ பின்னாலோ நில்லுங்கள். முன்னால் நின்றால் ஒற்றையடிப் பாதை வரும்வரை அவர்கள் வேகத்துக்கு நீங்கள் இழுபட்டுவிடுவீர்கள். ஏற்றத்தில் உட்கார்ந்தபடி சின்ன கியரில் ஏறுங்கள். எழுந்து நின்று மிதிப்பதைக் கடைசி மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்குப் பசியை நம்பக்கூடாது. பசிக்கும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து, அடிக்கும்போதெல்லாம் ஒரு வாய் தின்று இரண்டு மடக்கு குடியுங்கள். மணிக்கு 40 கிராம் மாவுச்சத்தில் பயிற்சியைத் தொடங்கி, போட்டிக்குள் 60 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். குடலும் பழக வேண்டும், அதற்கு வாரக்கணக்கு ஆகும். விலை உயர்ந்த எனர்ஜி ஜெல் (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்) இல்லாமலே இதைச் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 50 கிராம் (மட்டமாக நாலு மேசைக்கரண்டி), உப்பு கால் தேக்கரண்டி, ஒரு எலுமிச்சம்பழம். மணிக்கு 600 மில்லி குடித்தால் அதிலேயே 30 கிராம் வந்துவிடும். கூட நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்று, அல்லது நாலு பேரீச்சம்பழம், ஏறக்குறைய 25 கிராம். கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். மென்று தின்பதை முதல் மூன்று மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன்பின் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்து, கூடவே வெறும் தண்ணீரும் குடிப்பது எளிது. கடலைமிட்டாய் நல்ல தின்பண்டம்தான், ஆனால் மேடுபள்ளத்தில் மென்றால் புரையேறும்.

போட்டியன்று காலை நாலரைக்கு நாலு இட்லி, கொஞ்சம் சட்னி, ஒரு காபி. நெய்ப் பொங்கலும் வடையும் வேண்டாம். முந்தின ராத்திரி பரோட்டா சால்னாவும் வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு ஞாயிறு கிளம்பும் முன் உடையில்லாமல் எடை பாருங்கள். 70.0 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மணி நேரம் ஓட்டி, 750 மில்லி குடித்து, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 69.1. குறைந்தது 900 கிராம், குடித்தது 750. ஆக வெளியேறிய வியர்வை 1.65 லிட்டர், மணிக்கு 1.1 லிட்டர். அத்தனையையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. மணிக்கு 600 முதல் 800 மில்லி போதும். போட்டி முடிவில் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டீர்கள். வெறும் தண்ணீரை அப்படிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அது உயிருக்கே ஆபத்து.

நீங்கள் விடியற்காலையில் மட்டும் ஓட்டுகிறவர் என்று நினைக்கிறேன். போட்டியோ மதியம் ஒரு மணிக்கு முடிகிறது. கடைசி இரண்டு வாரத்தில் முடிந்த நாட்களில் பத்து மணி வெயிலில் ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள். பத்துப் பதினாலு நாளில் உடம்பு பழகிவிடும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். ஆனால் வெயிலில் புல்லரித்தாலோ, பேச்சு குழறினாலோ, வழி குழம்பினாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். அந்தச் சுற்றை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது.

பயிற்சிக்கு வருவோம். வார நாட்களில் ஒரு மணி நேரமாக இரண்டு நாள். அதில் ஒரு நாள் பத்து நிமிடம் வீதம் மூன்று முறை சற்றுக் கடினமாக. ஞாயிறு நீண்ட ஓட்டம். வாரம் கால் மணி, அரை மணி என்று கூட்டி எட்டாவது வாரத்தில் நாலரை மணி நேரத்தில் நிறுத்துங்கள். ஆறு மணி நேரத்தையும் வீட்டில் ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை, களைப்புதான் மிஞ்சும். நாலாவது வாரமும் கடைசிப் பத்து நாளும் பாதியாகக் குறையுங்கள்.

தார்ச்சாலையில் மட்டும் ஓட்டாதீர்கள். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கரைகள் நல்ல பள்ளிக்கூடம். மணிக்கணக்கில் குலுங்கும்போது முதலில் வலிப்பது உள்ளங்கையும் முன்கையும்தான். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் பிரேக்கில் ஒரு விரல் மட்டும் வைத்து ஓட்ட அங்கே பழகலாம். ஏற்றத்துக்குத் திண்டுக்கல்லில் இருந்து சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு முறை போனால் போதும். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள், காட்டுமாடு உலவும் மலை அது. அழகர்மலைக் காட்டுக்குள்ளும், கீழக்குயில்குடி சமணர் மலைப் பாறைகள் மேலும் சைக்கிளை ஏற்ற வேண்டாம். மழைக்குப் பிறகு திருமங்கலத்துக் கரிசல் பக்கமும் போகாதீர்கள், மண் அப்பிச் சக்கரமே சுற்றாது.

கண்மாய்க்கரை என்றாலே சீமைக்கருவேல முள். டியூப்லெஸ் டயர் போட்டு சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிவிட்டால் பாதிக் கவலை தீரும். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடியுங்கள். வெள்ளையாக நுரைத்து, உஸ்ஸென்ற சத்தம் மெல்ல அடங்கி அடைபடும். நம் வெப்பத்துக்கு சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதால் போட்டிக்கு ஒரு வாரம் முன் புதிதாக ஊற்றுங்கள். உங்கள் எடைக்கு முன்னால் 20, பின்னால் 22 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பாருங்கள். டியூப் போட்டிருந்தால் 28க்குக் கீழே போகாதீர்கள். பிரேக் பேட், செயின் இரண்டையும் கடையில் காட்டிவிடுங்கள், புழுதிக்கு உலர் வகை எண்ணெய் போதும்.

நிறுத்துமிடத்தில் வீணாகும் நேரத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்பது சுற்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் நின்றால் 27 நிமிடம், கிட்டத்தட்ட முக்கால் சுற்று போய்விடும். பாட்டில்களை நிரப்பி வரிசையாக வையுங்கள். நாற்காலி போடாதீர்கள். கூட வரும் நண்பரிடம் ஒரு தாளைக் கொடுத்து, எந்தச் சுற்றில் எதைக் கையில் தர வேண்டும் என்று எழுதிவையுங்கள். நாலு மணி நேரத்துக்குப் பிறகு உங்களால் யோசித்துச் சொல்ல முடியாது.

கடைசியாக, நடத்துபவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆறு மணி நேரத்துக்குள் முடித்த சுற்று மட்டும்தான் சேருமா, அதற்குள் தொடங்கிய சுற்றும் சேருமா? இடத்துக்கு இடம் விதி மாறும். 5 மணி 25 நிமிடத்தில் வந்து நிற்கும்போது இன்னொரு சுற்று போகலாமா என்பதை இந்தப் பதில்தான் முடிவு செய்யும்.